உவரியை வெளியே தள்ளிய ஊர்

அந்தக் காலத்தில், உப்புக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வாய் இருந்த காலத்தில், உவரி என்ற உப்புப் பெண்ணை அவள் குடியிருந்த ஊரிலிருந்து வெளியே தள்ளினார்கள். அவள் செய்யாத குற்றத்துக்காகத் தள்ளினார்கள். ஒருமுறை தள்ளிவிட்டு ஓய்ந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அவள் திரும்பி வர வர, மறுபடி மறுபடி தள்ளினார்கள். தள்ளுவதற்கென்றே வாசலில் ஓர் ஆளை நிறுத்திச் சோறும் போட்டார்கள்.

இதை வேறு மாதிரிச் சொல்கிறவர்கள் உண்டு. உப்பு அடங்காதவள், போகிற இடத்துக்கெல்லாம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வருகிறவள், அவளை வெளியே வைத்ததால்தான் ஊர் பிழைத்தது என்பார்கள். அது ஊருக்குள் இருந்தவர்கள் சொன்ன கதை. வெளியே நின்றவளை யாரும் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் குற்றம் யார் மேல் என்று தானாகத் தெரிந்துவிடும்.

ஊரின் பெயர் குமிழூர். ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில், சேற்றுக்கு மேலே ஒரு விரற்கடைத் தண்ணீரில் அது மிதந்துகொண்டிருந்தது. ஊர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு கடுகின் மேல் ஆயிரம் குமிழூர்களை ஒட்டிவைக்கலாம். ஆனால் உள்ளே இருக்கிறவர்களுக்கு அதுதானே உலகம்.

அதற்கு வேலி நெய்க்குடியார். அவர்கள் வேலி கட்டவில்லை, அவர்களே வேலியாகக் கிடந்தார்கள். நெய்க்குடியில் பிறந்த எவருக்கும் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், காலுக்குத் தண்ணீர் ஆகாது. தலை நனைய வேண்டும், கால் நனையக் கூடாது. அதனால் இரண்டு வரிசையாக, காலோடு கால் சேரும்படி நீட்டிப் படுத்துக்கொண்டார்கள். ஒரு வரிசையின் தலைகள் ஊரைப் பார்த்து. இன்னொரு வரிசையின் தலைகள் வெளியே பார்த்து. கால்கள் எல்லாம் நடுவில், சொட்டு ஈரம் படாமல். இப்படியே வளைத்து வளைத்துப் படுத்து ஊரை மூடிவிட்டார்கள்.

"எங்ககிட்ட விதி ஒண்ணே ஒண்ணுதான். நனைஞ்சவங்க எங்க கால் வழியா வரக் கூடாது" என்பார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் பொதுவான விதி மாதிரி. ஆனால் எண்ணெய் வகையறாவில் யார் வந்தாலும், "அட, நம்ம சித்தப்பா வீட்டுப் பிள்ளை" என்று கால்களை விலக்கி வழிவிடுவார்கள். எண்ணெய்தான் நனையாதே! காற்று வந்தால் கண்டுகொள்ளவே மாட்டார்கள். தண்ணீர்க்காரர்களில் ஒல்லியானவர்கள் ஒருவர் இருவராக நழுவிப் போவார்கள். அவர்கள் போய்வர அங்கங்கே சந்துகூட விட்டிருந்தார்கள். மாட்டிக்கொள்கிறவள் உவரிதான். அவள் எங்கே போனாலும் ஐந்தாறு தண்ணீர்க்காரர்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வருவார்கள். அவள் கூப்பிட்டு அல்ல. அவள் பிறந்த விதம் அப்படி. தண்ணீரால் அவளை விட முடியாது.

"தனியா வா, விடுறோம்" என்பார்கள் நெய்க்குடியார்.

"தோலை உரிச்சுத் தொங்கவிட்டுட்டு வான்னு சொல்றீங்க. ரொம்ப நல்ல மனசு" என்பாள் உவரி.

விதியை உண்டாக்கியவர்கள் தங்கள் காலை அளவாக வைத்து உண்டாக்கினார்கள். அந்த அளவு யாருக்கு ஒத்துவரும்? அவர்கள் சொந்தக்காரர்களுக்கு ஒத்துவரும்.

அப்படியானால் வேலியைத் தாண்டவே முடியாதவள் ஊருக்குள் எப்படி வந்தாள்? இதைத்தான் எல்லாரும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். அவள் வரவே இல்லை. அங்கேயேதான் இருந்தாள். கழிமுகத்துத் தண்ணீரில் அவளும் அவள் இனத்தாரும் காலம் காலமாகக் கரைந்து கிடந்தபோது, நெய்க்குடியார் ஒருநாள் வந்து சுற்றி வளைத்துப் படுத்தார்கள். வளையத்துக்குள் அகப்பட்டவர்கள் உள்ளூர் என்று ஆனார்கள். அகப்படாதவர்கள் வெளியூர் என்று ஆனார்கள். அவ்வளவுதான். வேலி பிறக்கும் முன்பே அவள் அந்த இடத்தில் இருந்தவள்.

உவரி என்று ஒருத்தியைச் சொன்னாலும் ஊருக்குள் உவரிகள் பலர் இருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே பெயர். வேலிக்கு வெளியேயும் அதே அளவு உவரிகள் இருந்தார்கள். இந்தக் கதையில் பேசப்போகிறவள் அவர்களில் வாய் கொஞ்சம் நீளமானவள். சாம்பவி என்று அவளுக்கு ஒரு தங்கை முறை. விறகுச் சாம்பலில் இருக்குமே ஓர் உப்பு, அந்த இனம். உவரிகளைப் போலவே சாம்பவிகளும் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் பலர். சாம்பவிக்கு உவரியைவிட உடம்பு பெரிது. ஆனால் அவளைச் சுற்றும் தண்ணீர்க்காரர்கள் அத்தனை இறுக்கமாகப் பிடிக்க மாட்டார்கள். அக்காளும் தங்கையும் ஊருக்குள் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார்கள்.

பிறகுதான் பெருந்தலைகள் வளர்ந்தார்கள்.

வெல்லக்கண்ணு என்ற சர்க்கரைப் பெண் தினமும் ஊருக்குள் வருவாள். வேலியில் அவளுக்கென்று ஒரு சுழல்கதவு இருந்தது. வெளியே அவள் இனத்தார் கூட்டமாக இருக்கும்வரை கதவு தானாகச் சுழன்று அவளை உள்ளே கொண்டுவந்து விடும். ஊர்ச் சமையல் முழுக்க அவளை நம்பித்தான். அந்தச் சமையலைத் தின்ற தெம்பில், சின்னச் சின்னதாக இருந்த சிலர் ஒருவரோடு ஒருவர் கைகோத்துச் சங்கிலியாக நீண்டார்கள். சங்கிலி சுருண்டு, முண்டும் முடிச்சுமாக உருண்டு திரண்டது. இப்படித் திரண்டவர்கள்தான் பெருந்தலைகள். அவர்களில் மூத்தவர் திரளையர். நடு ஊரில் உட்கார்ந்தால் நகர மாட்டார், நகர்ந்தாலும் எந்த வாசலிலும் நுழைய மாட்டார். சும்மா இருந்தார்கள் என்று பழி சொல்லவில்லை. வெட்டுவது, ஒட்டுவது, சுமப்பது என்று ஊர் வேலை பாதி அவர்களுடையதுதான். ஆனால் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போனார்கள்.

தண்ணீருக்கு ஒரு குணம். வேலிக்கு எந்தப் பக்கம் ஆட்கள் நெருக்கமாகக் கரைந்து கிடக்கிறார்களோ அந்தப் பக்கமே போய்ச் சேரும். துக்க வீட்டுக்குப் போகிற சனம் மாதிரி, யாரும் கூப்பிட வேண்டியதில்லை. குமிழூருக்குள் பெருந்தலைகள் பெருகப் பெருக, சந்துகள் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஊர் வீங்கத் தொடங்கியது.

நெய்க்குடியாருக்குத்தான் முதலில் தெரிந்தது.

"ஏய், ஒட்டிப் படு! என் கால்ல ஈரம் படுது!"

"நான் எங்கய்யா ஒட்டிப் படுறது? பக்கத்துல ஆளே இல்ல, இடைவெளி விழுந்துபோச்சு!"

"இழுக்காத, இழுக்காத, பிஞ்சிடும்!"

அன்று உச்சி வெயிலில், கூப்பிடு தூரத்தில் மிதந்த இன்னொரு குமிழ் படாரென்று வெடித்தது. அதற்குள் இருந்த பெருந்தலைகள் சேற்று நீரில் சிதறினார்கள். சங்கிலி அவிழ்ந்து, கை விட்டு, ஒருவர் எங்கே ஒருவர் எங்கே என்று தெரியாமல் போனார்கள். குமிழூரார் எல்லாரும் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அடுத்தது தாங்கள்தான் என்று எல்லாருக்கும் புரிந்தது.

உடனே ஊர் கூடியது.

"தண்ணி யாரால வருதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார் திரளையர். "ஒவ்வொருத்தரைச் சுத்தியும் எத்தனை தண்ணிக்காரங்கன்னு எண்ணுங்க."

எண்ணினார்கள். தப்பு நடந்தது இந்த எண்ணிக்கையில்தான். வேலிக்கு உள்ளே மட்டும் எண்ணினார்கள். குமிழூராருக்கு அது பழக்கம். வேலிக்கு அப்பால் இருக்கும் எதையும் அவர்கள் எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை. எண்ணி முடித்ததும் எல்லார் கண்ணும் உவரி மேல் போய் நின்றது.

"இத்துனூண்டு உடம்பு. அதுக்கு ஆறு தண்ணிக்காரங்க!" என்றார் ஒரு பெருந்தலை.

"ஐயா, உங்க மேல எத்தனை பேர் ஒட்டிட்டு இருக்காங்கன்னு எண்ணினீங்களா? நூத்துக்கு மேல இருக்குமே" என்றாள் உவரி.

"அவங்க எங்ககிட்ட வேலைக்கு இருக்கிறவங்கம்மா. உன்னைச் சுத்தி இருக்கிறதுதான் கூட்டம்."

நெய்க்குடியார் சிரித்தார்கள். உவரி சிரிக்கவில்லை.

"சரி, எண்ணிக்கைக்கே வருவோம். வேலிக்கு வெளிய உவரிங்க இருக்காங்களா, இல்லையா?"

"இருக்காங்க."

"உள்ள இருக்கிற அளவுக்கு இருக்காங்களா?"

திரளையர் தயங்கினார். "அப்படித்தான் சொல்றாங்க."

"அப்ப எங்களைத் தேடித் தண்ணி வரணும்னா, அது ஏன் உள்ள வரணும்? வெளியவே நின்னுக்கலாமே, அங்கயும்தான் நாங்க இருக்கோம். ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கிற ஒண்ணு எப்படி ஐயா காரணமாகும்? எது உள்ள இருக்கோ, வெளிய இல்லையோ, அதுதானே காரணம்? உள்ள இருக்கு. வெளிய இல்ல. அது என்னன்னு நான் வாயால வேற சொல்லணுமா?"

யாரும் திரளையரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டால் நியாயம் கிடைத்துவிடும் என்று உவரி நினைத்தாள். பாவம்.

"நீ சொல்றது சரியாவே இருக்கட்டும்மா" என்றார் திரளையர், குரலைத் தணித்து. "ஆனா எங்களால போக முடியாதே. இந்த ஊர்ல எந்த வாசலும் எங்களுக்குப் பத்தாது. நீ சின்ன உருவம். நீ போகலாம்."

"காரணமானவங்க போகணுமா, போக முடியறவங்க போகணுமா?"

"ஊர் பிழைக்கணும். அதுதான் முக்கியம்."

ஊர்தான் முக்கியம் என்று சொல்கிறவர் ஒருநாளும் தான் வெளியேறுகிறவராக இருப்பதில்லை. அதையும் கவனிக்க வேண்டும்.

உவரி விடவில்லை. "கரையோரக் குமிழ்க்காரங்க வேலிக்கு வெளிய நார்ச்சுவர் எழுப்பியிருக்காங்க. எவ்வளவு தண்ணி வந்தாலும் ஊர் விரியாது, சுவர் தாங்கிக்கும். நாமும் அதைச் செய்யலாமே?"

"சுவர் கட்டினா அசைய முடியாது. அவங்க மரமாவும் பாசியாவும் ஆகட்டும். நாம நகருற ஊர்."

"நீங்க நகருறதுக்காக நான் வெளிய போகணும்."

"அப்படித்தான் வெச்சுக்கயேன்" என்றார் திரளையர்.

வேலியில், நெய்க்குடியாரின் இரண்டு வரிசைகளையும் துளைத்துக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். குழியன் என்று பெயர். பெருந்தலை இனத்தான்தான், ஆனால் கூலி ஆள். அவன் உடம்பில் ஊரைப் பார்த்த பக்கம் மூன்று குழிகள், உவரி உட்கார அச்சாக வெட்டினாற்போல. வெளியே திரும்பினால் அந்தக் குழிகள் குலைந்து, சாம்பவி உட்காரும் அளவில் இரண்டு குழிகள் ஆகிவிடும். ஒருமுறை புரள அவனுக்கு ஓர் அனல் உருண்டை வேண்டும். வெல்லக்கண்ணுவை வைத்து ஊர் அடுக்களையில் உருட்டுவது அது.

"மூணு மூணாக் கொண்டு போ" என்று அவனுக்கு உத்தரவு வந்தது.

"தண்ணிக்காரங்களை எறக்கி விட்டுட்டு உக்காரு தாயி. அவங்களோட சேந்து குழியில அடங்க மாட்ட" என்றான் குழியன்.

தண்ணீர்க்காரர்கள் ஒவ்வொருவராக அவள் கையை விட்டார்கள். பிறந்தது முதல் அவளைத் தொடாமல் ஒரு நொடி இருந்தறியாதவர்கள். விட மாட்டேன் என்ற கடைசி ஒருவனைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வெறும் உடம்போடு அவள் குழியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் குழிகளில் இன்னும் இரண்டு உவரிகள், அதே கோலத்தில்.

"அண்ணே, உங்களுக்கு இது நியாயமாப் படுதா?" என்று கேட்டாள்.

"நியாயம்லாம் எனக்கு எங்க தாயி தெரியும்? மூணு ஏத்தணும், புரளணும், ரெண்டு ஏத்திட்டுத் திரும்பணும். அவ்வளவுதான் என் பொழப்பு."

"அந்த ரெண்டு யாரு?"

"சாம்பவிங்க. வெறுங்குழியோட திரும்ப எனக்கு வராது. அவங்கன்னா தண்ணிக்காரங்களைச் சீக்கிரம் உதறிட்டு உக்காந்துடுவாங்க."

குழியன் அனல் உருண்டையை வாயில் போட்டான். உடம்பு முறுக்கிக்கொண்டது. உள்பக்கம் மூடி, வெளிப்பக்கம் திறந்தது. மூன்று உவரிகளையும் உதறித் தள்ளினான். வெளியே நின்ற இரண்டு சாம்பவிகள் என்ன ஏதென்று கேட்பதற்குள் குழியில் ஏற்றிக்கொண்டு உள்ளே புரண்டுவிட்டான். அடுத்த மூன்று. அடுத்த இரண்டு.

வேலிக்கு உள்ளிருந்து சாம்பவியின் குரல் கேட்டது. "அக்கா! நான் கேட்டு நடக்கலக்கா இது!"

"தெரியும்டி. உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அழாத" என்று வெளியே இருந்து கத்தினாள் உவரி.

மூன்று பேர் போய் இரண்டு பேர் வந்தால் ஒவ்வொரு முறையும் ஓர் ஆள் குறையும். உள்ளே நெருக்கம் தணிந்தது. தண்ணீர் நின்றது. வீக்கமும் வடிந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. "பாத்தீங்களா, உவரி போனதும் சரியாப் போச்சு!" என்றார்கள் ஊரார். என்ன பேச்சு இது! ஐந்து பேர் உட்காரும் பலகையில் ஒருவர் மட்டும் படுத்துக்கொண்டிருக்கிறார். இடம் போதவில்லை என்று ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தவளை எழுப்பிவிடுகிறார்கள். இடம் கிடைத்துவிடத்தான் செய்யும். அதனால் இடத்தை அடைத்தவள் அவள் என்று ஆகிவிடுமா?

உவரி கடலைப் பார்த்துப் போயிருக்கலாம். அங்கே அவள் இனம் கோடி கோடியாகக் கிடக்கிறது. அவள் போகவில்லை. வேலியை ஒட்டியே நின்றாள். அவளோடு தள்ளப்பட்ட எல்லா உவரிகளும் நின்றார்கள். வீங்கித் தளர்ந்துபோன வேலியில் எந்தச் சந்து கொஞ்சம் அகலத் திறந்தாலும் அவர்களில் ஒருத்தி உள்ளே புகுந்துவிடுவாள். குழியன் அவளைப் பிடித்து மறுபடி வெளியே கொண்டுவந்து விடுவான். மறுபடி புகுவாள்.

"உனக்குச் சலிக்கலையா தாயி?" என்று கேட்டான் குழியன்.

"உங்களுக்கு?"

"எனக்குப் பசிக்குது" என்றான் அவன். உண்மையாகவே சொன்னான். ஊர் அடுக்களையில் உருட்டும் உருண்டைகளில் மூன்றில் ஒரு பங்கு அவன் வாய்க்கே போய்க்கொண்டிருந்தது. ஒருத்தியை வெளியே வைத்திருப்பதற்கு ஓர் ஊர் எவ்வளவு செலவழிக்கிறது பாருங்கள். அதில் பாதியை அவளோடு சேர்ந்து வாழச் செலவழித்திருந்தால் என்ன?

அந்த வருடம் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. கழிமுகத்து நீர் கலங்கி நீர்த்துப்போனது. வெல்லக்கண்ணு இனத்தார் பலரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட, வெளியே ஓரிரண்டு பேர்தான் மிஞ்சினார்கள். உள்ளே இருப்பு குறைவு, வெளியே அதைவிடக் குறைவு. சுழல்கதவுக்கு மூளை கிடையாது. கூட்டம் இருக்கும் பக்கத்திலிருந்து இல்லாத பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அது இப்போது ஊருக்குள் இருந்த வெல்லக்கண்ணுகளை வெளியே இறக்கிவிடத் தொடங்கியது. பதறிப்போய்க் கதவை மூடினார்கள். மூடியதும் வரவும் நின்றது.

அடுக்களை அணைந்துகொண்டே வந்தது. அனல் உருண்டை இல்லாமல் குழியன் பாதிப் புரளலில் தொங்கிப்போனான். சந்து வழியாகப் புகுந்த உவரிகளைத் தள்ள ஆள் இல்லை. உள்ளே நெருக்கம் ஏறியது, பின்னாலேயே தண்ணீரும் வந்தது. நெய்க்குடியார் மறுபடி அலறினார்கள். ஊர் மறுபடி வீங்கியது.

வேலிக்கு வெளியே வெல்லக்கண்ணு நின்றுகொண்டிருந்தாள். "நான் போகணும்னுதான் பாக்கிறேன்க்கா" என்றாள் உவரியிடம். "உள்ள எங்க ஆளுங்க இங்க இருக்கிறதவிட அதிகம். அந்த நெருக்கத்துக்குள்ள தனியா ஏற எனக்குத் தெம்பு இல்ல. யாராவது இழுத்துட்டுப் போனாத்தான் உண்டு."

உவரி தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். தள்ளப்பட்ட உவரிகள் அத்தனை பேரும் வேலிமேல் சாய்ந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். உள்ளே உவரிகள் இன்னும் கொஞ்சம் பேர்தான். அங்கே இடம் அவர்களை வா வா என்றது. வழி மட்டும் கிடைத்தால் போதும், அவளை யாரும் இழுக்க வேண்டாம். அவளே ஒருத்தியை இழுத்துக்கொண்டு பாய்வாள். இந்தப் பலம் முன்பு அவளுக்குக் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தபோது எங்கிருந்து வரும்? துரத்தித் துரத்தி, ஊரார் தங்கள் சோற்றைப் போட்டு அவளுக்குள் ஏற்றிவைத்த பலம் அது.

அப்போதுதான் திரளையர் வேலி ஓரம் வரை உருண்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவை.

"உவரி! இருக்கியாம்மா?"

"எங்க போகப்போறேன்?"

"நடந்தது நடந்துபோச்சு. ஊர் கூடிப் பேசினோம். உன்னை மன்னிச்சுடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். அந்தப் பொண்ணு வெல்லக்கண்ணை எப்படியாவது உள்ள கூட்டிட்டு வா."

மன்னிப்பதாமே! குற்றம் செய்தவர்கள் கூடி, குற்றம் செய்யாதவளை மன்னித்தார்கள். உவரியின் பின்னால் நின்றவர்கள் கொதித்தார்கள். "வெடிக்கட்டும் விடு" என்றார்கள். "வெடிச்சா நமக்கு என்ன? நாம தண்ணியில கிடப்போம். சாம்பவியும் நம்மகூட வந்துடுவா. சிதறப்போறது அவங்கதானே?"

உவரிக்கும் அந்த ஆசை ஒரு கணம் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஊர் வெடித்துவிட்டால் அவள் திரும்பிப் போக இடம் இருக்காது. கதை மட்டும் மிஞ்சும். உப்பு புகுந்ததால் வெடித்த ஊர் என்று சொல்லித் திரிவார்கள். அதற்கா இத்தனை நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்?

"ஐயா, மன்னிப்பை நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு ரெண்டு வேணும்" என்றாள்.

"சொல்லு."

"முதல்ல, தண்ணி யாரால வந்துச்சுன்னு சொல்லுங்க."

திரளையர் ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல."

"எங்களாலதான்."

"நெய்க்குடியாருக்குக் கேக்கணும். ரெண்டு வரிசைக்கும்."

வேலி இன்னும் ஒரு சுற்று விரிந்தது. யாரோ ஒருவருடைய கால் நனைந்து அலறல் கேட்டது.

"எங்களாலதான் வந்துச்சு!" என்று கத்தினார் திரளையர். "உவரியால இல்ல! போதுமா?"

"போதும். ரெண்டாவது, வேலியில ஒரு புதுக் கதவு வைக்கணும். அதுல மூணு இருக்கை. நடுவுல வெல்லக்கண்ணு. அவளுக்கு ரெண்டு பக்கமும் நாங்க. மூணுல ஒண்ணு காலியா இருந்தாலும் கதவு திரும்பக் கூடாது. அவ மட்டும் வேணும், நாங்க வேண்டாம்னா ரெண்டுமே கிடைக்காது. நாங்க அவளை இழுத்துட்டு வருவோம். உங்க அனல் உருண்டை அந்தக் கதவுக்கு ஒண்ணுகூட வேண்டாம்."

"நீங்க உள்ளயே தங்கிட்டா ஊர் மறுபடி வீங்குமே?"

"குழியன் அண்ணனுக்குச் சோறு கிடைச்சதும் முதல் வேலையா எங்களை வெளிய தள்ளுவார். எனக்குத் தெரியாதா? தள்ளட்டும். தள்ளின வேகத்துல அடுத்தவளைக் கையில பிடிச்சுட்டு வருவோம்."

பெருந்தலைகளில் ஒருவர் அவசர அவசரமாகச் சங்கிலியை மடித்து, வளைத்து, வேலிக்குள் செருகிக் கதவானார். உவரி ஒரு பக்கம் உட்கார்ந்தாள். இன்னொரு உவரி மறுபக்கம். நடுவில் வெல்லக்கண்ணு. கதவு திரும்பியது. உள்ளே காலை வைத்ததும் உவரி செய்த முதல் காரியம், சாம்பவியைத் தேடிப்போய் அவள் தோளைத் தொட்டதுதான். அதற்குள் அடுக்களையில் புகை எழும்பிவிட்டது. குழியன் ஓர் உருண்டையை விழுங்கினான், கண்ணைத் திறந்தான், உவரியைப் பார்த்தான். அவன் முகம் கோணியது.

"மன்னிச்சுக்க தாயி" என்றான். பேச அறிந்த நாளிலிருந்து அவன் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அதுதான். பிறகு குழியில் உட்காரவைத்து வெளியே தள்ளினான்.

அவள் மறுபடி வந்தாள், இன்னொரு வெல்லக்கண்ணுவோடு. ஊர் வெடிக்கவில்லை.

குமிழூர்கள் பின்னால் ஒன்றோடொன்று சேர்ந்து மீனாகவும் தவளையாகவும் மனிதராகவும் ஆனது வேறு கதை. நம் குடலின் உள்தோல் முழுக்க அந்த மூன்று இருக்கைக் கதவு வைத்த குமிழூர்கள்தான். அன்று முதல்தான், வயிற்றுப்போக்கில் துவண்டுபோன பிள்ளைக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீர் போதாமல் போகிறது. உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்த்துக் கரைத்த நீரைத்தான் கொடுக்கிறோம். இருவரும் கைகோத்து உள்ளே போகிறார்கள். அவர்களை விட மனமில்லாத தண்ணீர் பின்னாலேயே போகிறது. வாடிய பிள்ளை கண் திறக்கிறது. அந்த நேரமும் குழியன் உவரியை வெளியே தள்ளிக்கொண்டுதான் இருக்கிறான். ஊர் தன் சோற்றில் அந்த மூன்றில் ஒரு பங்கை அவனுக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

திரளையருக்கு இது இன்றைக்கும் பொறுக்கவில்லை. கதவு திரும்பும்போதெல்லாம் நடு ஊரிலிருந்து கேட்கிறார்: "இன்னும் எத்தனை நாளைக்கும்மா இப்படி வந்துகிட்டே இருப்ப?"

வெல்லக்கண்ணுவின் கையை விடாமல் உவரி சொல்கிறாள்: "உங்களுக்குப் பசிக்கிற வரைக்கும்."